இருமல் இல்லையென்றால் பாதிப்பும் இல்லையா? காற்று மாசும் பிள்ளைகளின் மனநலமும்

புகை என்றதும் நமக்கு நுரையீரல்தான் ஞாபகம் வரும். பிள்ளைக்கு இருமல் இல்லை, இளைப்பு இல்லை, அப்புறம் என்ன கவலை என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலான பெற்றோர் செய்யும் முதல் தவறு இது. பிஎம் 2.5 என்கிற நுண்துகள் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். அது நுரையீரலைத் தாண்டி ரத்தத்தில் கலக்கும். வாசனை நரம்பு வழியாக மூளைவரை போகவும் கூடும். பதின்ம வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு என்னை உலுக்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2,000க்கும் மேற்பட்ட பதின்ம வயதினரிடம் விசாரித்திருக்கிறார்கள். வாகனப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடு அதிகமுள்ள இடங்களில் வாழ்ந்தவர்களிடம், இல்லாத குரல் கேட்பது, யாரோ தன்னைக் கண்காணிப்பதாக அஞ்சுவது போன்ற அனுபவங்கள் கூடுதலாக இருந்தன. அதே ஆண்டு அமெரிக்காவின் சின்சினாட்டியிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. நுண்துகள் ஏறிய நாளை அடுத்த ஓரிரு நாட்களில், மனநலச் சிக்கலோடு அவசரப் பிரிவுக்கு வந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் ஏறியிருந்தது.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் காற்றின்மேல் பழிபோடுவதும் தவறுதான். இந்த ஆய்வுகள் காட்டுவது தொடர்பை. இதுதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. வீட்டுச் சண்டை, பரீட்சை பயம், பள்ளியில் கேலி, இவற்றையும் பிள்ளையிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

'அது டெல்லிக்காரர்கள் பிரச்சினை' என்பார்கள். சென்னையில் ஆலைகள் சூழ்ந்த மணலி, எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். காற்றின் தரம் காட்டும் செயலியில் 'திருப்திகரம்' என்று வந்தால் நிம்மதியாகிவிடவும் வேண்டாம். நம் நாட்டுக் கணக்கில் ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் நுண்துகள் வரை அந்தப் பெயர்தான். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குச் சொல்லும் வரம்பு 15.

சரி, கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்று சாத்திவிட்டு உள்ளே கொசுவர்த்தி கொளுத்துகிறோம்! ஒரு சுருள் எரிந்தால் 75 சிகரெட்டுக்கு மேல் எரித்த அளவு நுண்துகள் வரும் என்று அளந்திருக்கிறார்கள். கொசுவலை கட்டுங்கள். புகை நாளில் வெளியே போனால் துணி முகக்கவசம் போதாது, என்95 வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலிப்பது, எரிந்து விழும் பிள்ளையை 'திமிர்' என்று அடக்குவது. தூக்கம் கெட்டு, பிடித்த விளையாட்டும் கசந்து இரண்டு வாரம் தாண்டினால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தயக்கமாக இருந்தால் முதலில் 14416க்குப் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.