கல்லூரிக்கு மூலநிரல் தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1979-இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பு வந்தது. பல்கலைக்கழகங்களுக்கு அதை மூலநிரலோடுதான் கொடுத்தார்கள். ஆனால் கூடவே வந்த உரிமத்தில் ஒரு புது நிபந்தனை இருந்தது: மூலநிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது. கணினியில் ஏற்றி ஓட்டலாம், ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம். கரும்பலகையில் பத்து வரி எழுதி மாணவருக்கு விளக்க முடியாது. இயங்குதள மூலநிரலைக் கல்லூரிக்குத் தருவதில் இதைவிடப் பெரிய தவறு எனக்குத் தெரியவில்லை. இன்றும் "கல்விக்காக மட்டும்" என்று எழுதப்படும் பல உரிமங்கள் வேறு வார்த்தைகளில் இதையேதான் செய்கின்றன.

அந்த நிபந்தனை எதைக் கெடுத்தது என்று பார்த்தால்தான் தவறின் அளவு புரியும். யூனிக்ஸை 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கினார்கள். தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி, 1956-இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட நீதிமன்ற உடன்பாட்டினால் அப்போது தொலைத்தொடர்பைத் தாண்டி வேறு வியாபாரத்தில் இறங்க முடியாமல் இருந்தது. அதனால் கேட்ட பல்கலைக்கழகங்களுக்குச் சொற்பத் தொகைக்குக் காந்த நாடாவில் பதிந்து அனுப்பினார்கள். பழுது பார்த்துத் தருவது கிடையாது, உத்தரவாதமும் கிடையாது. மூலநிரல் மட்டும் முழுதாக இருந்தது.

சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, எடுத்து 1970-களின் நடுவில் பாடம் நடத்தினார். மொத்தம் ஏறக்குறைய 9,000 வரிகள். ஒரு பருவத்தில் முழுசாகப் படித்து முடிக்கக்கூடிய அளவு. வரி எண் போட்ட நிரல் ஒரு புத்தகம், அதற்கான விளக்கவுரை இன்னொரு புத்தகம் என்று இரண்டாகத் தயாரித்தார். இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

அதில் 2238-ஆவது வரி பிரபலமானது. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குக் கர்னல் தாவும் இடத்தில், "இது உங்களுக்குப் புரியும் என்று எதிர்பார்க்கவில்லை" என்று ஒரு குறிப்பு இருக்கும். 'பரீட்சைக்கு வராது' என்கிற அர்த்தத்தில்தான் அதை எழுதினோம் என்று ரிச்சி பிற்பாடு விளக்கினார். அங்கே என்ன நடக்கிறது என்பது தங்களுக்கே சரியாகப் புரியவில்லை என்பதுதான் உண்மையான சிக்கல் என்றும் அவரே சொன்னார். எழுதியவருக்கே பிடிபடாத இடத்தை ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து நோண்டுவதுதான் இயங்குதளப் பாடம். ஏழாம் பதிப்பின் உரிமம் தடுத்தது இதைத்தான். லயன்ஸின் விளக்கவுரை அதற்கப்புறம் நகலின் நகலாக, எழுத்து மங்கிப்போன தாள்களாகக் கைமாறியது. 1996-இல்தான் முறையாக அச்சில் வந்தது.

தடை விதித்தவர்களுக்கும் அதனால் லாபம் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் பாடம் நடத்த யூனிக்ஸ் நிரல் இல்லாமல், தானே மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தை எழுதி 1987-இல் வெளியிட்டார். அதை வாங்கிப் படித்த ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸைத் தொடங்கினார்.

ஆகவே உரிமம் எழுதுபவர்களே, "கல்விப் பயன்பாடு" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். வகுப்பில் திரையில் காட்டலாமா? பக்கங்களை அச்சிட்டு மாணவர்களுக்குத் தரலாமா? வரிகளை எடுத்துக்காட்டி விளக்கவுரை எழுதி வெளியிடலாமா? ஆய்வேட்டில் சேர்க்கலாமா? ஒவ்வொன்றுக்கும் "ஆம்" என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

வணிக ரகசியம் என்ற விதியைச் சேர்ப்பது அடுத்த தவறு. வருடத்துக்கு அறுபது பேர் படித்துவிட்டு வெளியே போகும் ஒன்று ரகசியமாக இருக்க முடியாது. அதன் சுமை மாணவர் தலையில்தான் விழும். இருபது வயதில் ஆய்வகத்தில் போட்ட கையெழுத்து, பின்னால் வேறு நிறுவனத்தில் கர்னல் எழுதும் வேலைக்குப் போகும்போது குறுக்கே நிற்கும். நிரலை நகல் எடுக்கக் கூடாது என்று பதிப்புரிமையில் தடுங்கள், அது நியாயம். படித்துப் புரிந்துகொண்டதைத் தலையிலிருந்து அழிக்கச் சொல்லாதீர்கள்.

"காசு வாங்கக் கூடாது" என்ற விதி நல்லெண்ணத்தில் எழுதப்படுவது, ஆனால் காலை வாரிவிடும். லினக்ஸின் முதல் உரிமமே அப்படித்தான் இருந்தது. பிளாப்பியில் நகல் எடுத்துத் தருபவர் அதற்கான செலவைக்கூட வாங்க முடியாது. டோர்வால்ட்ஸ் 1992 தொடக்கத்தில் அதை விட்டுவிட்டு, காசு வாங்குவதைத் தடுக்காத ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்துக்கு மாறினார். மினிக்ஸோ பதிப்பகத்தின் கையில் விலைக்கு விற்கும் பொருளாகவே இருந்து, 2000-இல்தான் பிஎஸ்டி என்ற தளர்வான திறந்த உரிமத்துக்கு வந்தது. அதற்குள் ஆட்கள் லினக்ஸ் பக்கம் போய்விட்டார்கள்.

யார் எழுதிய நிரல் எது என்ற கணக்கை வைத்துக்கொள்ளாமல் விடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெர்க்லி பல்கலைக்கழகம் ஏடி அண்ட் டி நிரலின் மேல் தன் வேலைகளைச் சேர்த்துச் சேர்த்து பிஎஸ்டி என்ற தன் யூனிக்ஸ் வகையை வளர்த்தது. பெர்க்லியின் நாடாவை வாங்க ஏடி அண்ட் டி உரிமமும் வேண்டியிருந்தது. அந்தக் கட்டிலிருந்து விடுபட, பெர்க்லியின் நிரலாளர் கீத் போஸ்டிக் முன்னின்று நூற்றுக்கணக்கான கருவிகளைப் புதிதாக எழுத வைத்தார். 1991-இல் நெட்-2 என்ற பிஎஸ்டி பதிப்பு வெளியானது. மறு வருடமே ஏடி அண்ட் டி தரப்பு வழக்குப் போட்டது. இரண்டு பக்கமும் சுத்தமில்லை என்பது வழக்கில்தான் தெரிந்தது. ஏடி அண்ட் டி பக்கம் 32வி என்ற யூனிக்ஸ் பதிப்பைப் பதிப்புரிமைக் குறிப்பே இல்லாமல் அனுப்பியிருந்தது. அன்றைய சட்டப்படி அது பெரிய ஓட்டை. அதே தரப்பு பெர்க்லி நிரலை எடுத்துத் தன் வணிக யூனிக்ஸான சிஸ்டம் ஃபைவில் போட்டுக்கொண்டு, பெர்க்லியின் பெயரைக் குறிப்பிடாமலும் விட்டிருந்தது. 1994-இல் சமரசம் ஆனபோது, சுமார் 18,000 கோப்புகளில் நீக்க வேண்டியிருந்தது மூன்றே மூன்று. அந்த மூன்றுக்காக இரண்டு வருடம் பிஎஸ்டியை நம்பி இறங்க எல்லாரும் தயங்கினார்கள். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் எழுதியவர், ஆண்டு, உரிமம் மூன்றும் முதல் நாளே இருந்தால் இது பெரும்பாலும் வராது.

மாணவர் செய்த மாற்றங்கள் யாருக்குச் சொந்தம், இன்னொரு கல்லூரியோடு பகிரலாமா என்பதையும் இதே மூச்சில் எழுதிவிடுங்கள்.

அப்புறம், பாதி நிரலைத் தந்துவிட்டு ஓடாத நிலையில் விடுவது. மைக்ரோசாஃப்ட் 2006-இல் பல்கலைக்கழகங்களுக்குத் தந்த விண்டோஸ் ரிசர்ச் கர்னலில் சில பகுதிகளின் மூலநிரல் கிடையாது. ஆனால் அவற்றைத் தொகுத்த பைனரியாக, அதாவது கணினி நேரடியாக ஓட்டும் வடிவில், சேர்த்திருந்தார்கள். மாணவர் ஒரு வரி மாற்றி, தொகுத்து, ஓட்டிப் பார்க்க முடிந்தது. தர முடியாததை இப்படி ஈடு செய்யலாம். எம்ஐடியில் அதே 2006-இல் ஆறாம் பதிப்பு யூனிக்ஸைத் தழுவிப் புதிதாக எழுதிய எக்ஸ்வி6, இன்னும் சுலபமான வழி: சின்ன நிரல், ஒரு பக்கத்துக்குள் அடங்கும் உரிமம், வகுப்பில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

வாங்கும் கல்லூரிகளும் தவறு செய்கின்றன. நான் பார்த்த ஒரு கல்லூரியில், உரிமத்தில் "பெயர் குறிப்பிட்ட ஆய்வாளர்கள்" என்று இருந்ததால் மூலநிரல் குறுந்தகடு துறைத்தலைவர் அறை பீரோவில் பூட்டியே கிடந்தது. கையெழுத்துப் போட்டவர் ஓய்வு பெற்றுப் போனார். மாற்றுப் பெயர் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஆய்வக வகுப்பில் பிள்ளைகள் வரைபடத்தை மட்டும் பார்த்து எழுதினார்கள். தனி ஆசிரியர் பெயரில் வாங்காமல், பதிவாளர் கையெழுத்தோடு துறையின் பெயரில் வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன் உரிமத்தை ஆய்வக உதவியாளரிடம் கொடுத்து, "நாளை காலை வகுப்புக்கு இந்தக் கோப்பில் நாலு பக்கம் ஜெராக்ஸ் போடலாமா?" என்று கேளுங்கள். அதைப் படித்து அவரால் பதில் சொல்ல முடியவில்லை என்றால், தருபவருக்கு எழுதி, பதிலைக் கடிதமாக வாங்கி, உரிமத்தோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.