பழைய எம்ஜிபி நடுவழில நின்னா: பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி கரண்ட் எங்க நிக்குதுன்னு பாருங்க

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் பழைய எம்ஜிபி (பிரிட்டிஷ் எம்ஜி கம்பெனியோட ஸ்போர்ட்ஸ் கார்) வச்சிருக்கிறவங்க அடிக்கடி சொல்றது இதுதான், காலைல ஒரே கிராங்க்ல ஸ்டார்ட் ஆகுது, ஃபீல்ட்ஸ் ஹில் ஏறுறப்போ இல்ல வெயில்ல ரோபோல (டிராஃபிக் சிக்னல்ல) நிக்கிறப்போ பொசுக்குனு ஆஃப் ஆயிடுது, ஆறவிட்டா திரும்ப ஓடுது. உடனே ஆளாளுக்கு காயில (பேட்டரி வோல்டேஜ ஸ்பார்க்குக்குத் தேவையான அளவுக்கு ஏத்துற பார்ட்) மாத்து, கார்ப்பரேட்டரக் கழட்டுன்னு ஐடியா குடுப்பாங்க, காசு போறது நம்ம பாக்கெட்ல இருந்து. பாயின்ட்ஸ் (ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கப் பிரிச்சுக் குடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள, திறந்து மூடி காயிலோட கரண்ட வெட்டுற சின்ன ஸ்விட்சு) போட்ட வண்டில ஒரு மல்டிமீட்டர் இருந்தா போதும், எந்த இடத்துல கரண்ட் நிக்குதுன்னு வரிசையா பாத்துட்டே போகலாம்.

மொதல்ல பெட்ரோலா இக்னிஷனான்னு பிரிச்சுக்கங்க. கியர்ல ஓடிட்டு இருக்கும்போது எஞ்சின் கட் ஆச்சுன்னா எலக்ட்ரிக் ரெவ் கவுன்டர (எஞ்சின் சுத்துற வேகத்தக் காட்டுற மீட்டர்) பாருங்க, சக்கரம் இன்னும் எஞ்சினை இழுத்துட்டு இருக்கிறப்பவே முள்ளு படக்குனு சைபருக்கு விழுந்தா காயிலுக்கு வர்ற லோ டென்ஷன் (12 வோல்ட்) லைன்லதான் கோளாறு. முள்ளு வண்டி வேகத்தோடயே மெதுவா இறங்குச்சுன்னா பெட்ரோல் பம்ப் பக்கம் போங்க, இல்லன்னா காயில் தாண்டி பிளக் வரைக்கும் போற ஹை டென்ஷன் பக்கம்.

நின்ன உடனே, சூடு ஆறுறதுக்குள்ள செக் பண்ணணும், ஆறினதுக்கப்புறம் எல்லாமே நல்லாத்தான் இருக்கும். பெட்ரோல் வாசனை வந்தா ஸ்பார்க் டெஸ்ட் பக்கமே போகாதீங்க, பேஸ்மேக்கர் வச்சிருக்கிறவங்க இதத் தொடவே வேணாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிய எடுத்துட்டு, பாயின்ட்ஸ் மூடியிருக்கிற மாதிரி எஞ்சினத் திருப்பி வச்சுக்கிட்டு, காயில்ல இருந்து வர்ற நடு வயரை ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயர்ல பிடிச்சு, நுனிய எஞ்சின் பிளாக்குல இருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி வைங்க. இக்னிஷன் ஆன் பண்ணி, பாயின்ட்ஸ இன்சுலேட் பண்ண ஸ்க்ரூடிரைவரால திறந்து விடுங்க. நீலமா 'சட்'டுனு அடிச்சா காயில், கண்டென்சர் (பாயின்ட்ஸ்ல பொறி பறக்காமப் பாத்துக்கிற குட்டி டப்பா), பாயின்ட்ஸ் மூணும் வேலை செய்யுது.

இப்ப அதே வயர் நுனிய ரோட்டர் ஆர்மோட (மூடிக்குள்ள சுத்தி ஸ்பார்க்கப் பிரிச்சு அனுப்புற கை) நடு பித்தளைக்கு மேல 3 மில்லிமீட்டர்ல வச்சு பாயின்ட்ஸ திரும்பத் திறந்து விடுங்க. இங்க ஸ்பார்க் குதிக்கக்கூடாது. குதிச்சா ரோட்டர் உள்ளுக்குள்ளயே ஷாஃப்ட்டுக்கு லீக் ஆகுது, அதத் தூக்கிப் போடுங்க. ரிவெட் அடிச்சு இப்ப மார்க்கெட்ல வர்ற சில புது ரோட்டருக்கு இந்த வியாதி இருக்கு, கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. புதுசுங்கிறதுக்காக நம்பவே நம்பாதீங்க, எனக்கு ஓடிட்டு இருக்கிற பழைய பார்ட்தான் தங்கம்.

பிளாக்குலயே ஸ்பார்க் இல்லன்னா மீட்டர எடுங்க. 1967 வரைக்கும் வந்த வண்டி பாசிட்டிவ் எர்த் (பேட்டரியோட பிளஸ் பக்கம் பாடிக்குப் போகும்), அதனால மீட்டர் வயர மாத்திப் பிடிக்கணும். காயிலுக்கு வர்ற வெள்ளை வயர்ல, பாயின்ட்ஸ் திறந்திருக்கும்போது 12 வோல்ட் இருக்கணும், இல்லன்னா ஸ்விட்சு இல்ல கனெக்டர். கடல் காத்துல அந்த புல்லட் கனெக்டர் எல்லாம் பச்சை பூத்துப் போயிருக்கும், சுரண்டிட்டுப் பாருங்க. அடுத்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற வெள்ளை-கறுப்பு வயர், பாயின்ட்ஸ் திறந்தா 12, மூடினா கிட்டத்தட்ட சைபர். மூடியும் 12 காட்டினா பாயின்ட்ஸ் அழுக்கு, இல்ல உள்ள பேஸ்பிளேட்டோட குட்டி எர்த் வயர் அறுந்திருக்கு. திறந்தும் சைபர்னா அந்த வயர காயில்ல இருந்து கழட்டுங்க, காயில் முனைல 12 திரும்ப வந்தா டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளதான் ஷார்ட், பாயின்ட்ஸ் வாஷர் மாறிக் கெடக்கும் இல்லன்னா கண்டென்சர் செத்திருக்கும்.

கண்டென்சர மீட்டர வச்சு முழுசா நம்ப முடியாது, ஏன்னா சூடானாத்தான் பல்லைக் காட்டும். பாயின்ட்ஸ் நடுவுல தடிமனா பொறி பறந்தா அதுமேல சந்தேகப்படுங்க. பழசக் கழட்டிட்டு, நல்லதுன்னு தெரிஞ்ச ஒண்ண வெள்ளை-கறுப்பு முனைக்கும் எர்த்துக்கும் நடுவுல கிளிப் போட்டு ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்.

காயில் மாத்துறதா இருந்தா ஓம்ஸ் பாத்து வாங்குங்க. பாலஸ்ட் (காயிலுக்குப் போற கரண்டக் குறைக்கிற ரெசிஸ்டன்ஸ்) இல்லாத பழைய குரோம் பம்பர் வண்டிக்கு பிரைமரி 3 ஓம் கிட்ட இருக்கணும், ரப்பர் பம்பர் வண்டிகள்ல பாலஸ்ட் வயர் இருக்கும், அதுக்கு 1.5 ஓம். மாத்திப் போட்டா 1.5 ஓம் காயில் கொதிச்சு பாயின்ட்ஸையும் கருக்கிடும்.

ஓடுது ஆனா பிசிறு அடிக்குதுன்னா இருட்டுல பானெட்டத் திறந்து பாருங்க, லோட் ஷெடிங் வந்தா அதுக்காவது உபயோகம். ஐடில்ல விட்டு வயர் மேல லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணா லீக் ஆகுற இடத்துல நீலமா மினுக்கும், கைய வைக்காதீங்க. மூடிக்குள்ள பென்சில் கோடு மாதிரி கறுப்பா ஓடினா கிராக், மூடிய மாத்துங்க.

கடைசியா பாயின்ட்ஸ் கேப் 0.35-ல இருந்து 0.40 மில்லிமீட்டர், பாயின்ட்ஸத் திறக்கிற ஷாஃப்ட்டோட நாலு மேட்டுலயும் (லோப்) அளங்க, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி காட்டினா ஷாஃப்ட் புஷ் தேஞ்சிருக்கு, அப்புறம் எவ்வளவு செட் பண்ணாலும் நிக்காது. கேப்ப மாத்தினா ஸ்பார்க் அடிக்கிற நேரமும் (டைமிங்) நகரும், அதனால டைமிங் லைட் போட்டு உங்க எஞ்சின் நம்பருக்கு மேனுவல்ல என்ன டிகிரி போட்டிருக்கோ அதுல வைங்க. பிளக் வயர கழட்டியிருந்தா திரும்ப மாட்டுறப்போ சிலிண்டர் வரிசை 1-3-4-2, ரோட்டர் சுத்துறது கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா.