ஷேவர் சாக்கெட் மாற்றுகிறீர்களா? உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா பாருங்கள்

நம் ஊரில் பாத்ரூமுக்குள்ளேயே கெய்சருக்கு 16 ஆம்ப் பிளக்பாயின்ட் இருக்கும். இங்கிலாந்தில் அப்படி எதிர்பார்க்காதீர்கள். குளியல் தொட்டி, ஷவர் பகுதியிலிருந்து 2.5 மீட்டருக்குள் சாதாரண சாக்கெட் கூடாது. விளக்குக்குக் கயிறு தொங்கும். கண்ணாடிக்குப் பக்கத்தில் இரண்டு முள் செருகும் ஷேவர் சாக்கெட் ஒன்று இருக்கும், அவ்வளவுதான். இங்கே விற்கும் மின்சார டூத்பிரஷ் சார்ஜருக்கும் அதே இரண்டு முள் பிளக் என்பதால், அது கெட்டால் வீட்டில் எல்லோருக்கும் தொந்தரவு.

வாடகை வீடென்றால் வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், நீங்களாகக் கை வைக்காதீர்கள். சொந்த வீட்டில் அதே இடத்தில் அதே மாதிரியை மாற்றினால் உள்ளாட்சி கவுன்சிலுக்கு அறிவிக்கத் தேவையில்லை. ஷவர் அருகே புதிதாக ஒயர் இழுப்பதென்றால், பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனையே கூப்பிடுங்கள்.

நான் ஏமாந்தது வேறு விஷயத்தில். லண்டன் ஈஸ்ட்ஹாமில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் பழைய சாக்கெட் சில நாள் உர்ரென்று முனகிவிட்டுச் செத்துப்போனது. உரிமையாளரிடம் சொல்லாமல், தெரிந்தவர் மூலம் வந்த ஒருவரிடம் வேலையைக் கொடுத்தேன். ஊரில் தெருமுனை எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் பழக்கம்தான். அவர் ரெட்டை அகலமாக இருந்ததைக் கழற்றி, மிச்ச ஓட்டையைப் பூசிவிட்டு, எட்டு பவுண்டுக்குச் சின்னதாக ஒன்றை வைத்தார். அதன் மேலும் "ஷேவர்" என்றுதான் எழுதியிருந்தது.

அந்தச் சின்னது படுக்கையறைக்கானது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. பாத்ரூமுக்கானதில் ஐசொலேட்டிங் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். மெயின் லைனுக்கும் சாக்கெட்டுக்கும் நேரடித் தொடர்பே இராது. ஈரக் கையோடு ஒரு கம்பியைத் தொட்டாலும், உடம்பு வழியாக எர்த்துக்குப் போக மின்சாரத்துக்குப் பாதை இல்லை. அந்தக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் உட்காரத்தான் சுவருக்குள் 47 மில்லிமீட்டர் ஆழத்தில் ரெட்டைப் பெட்டி வைக்கிறார்கள். சின்னப் பெட்டியில் அடங்கும் ஷேவர் சாக்கெட்டைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

கடையில் இதைக் கேளுங்கள்: அட்டைப் பெட்டியில் பி.எஸ். இ.என். 61558-2-5 என்ற தர எண் அச்சிட்டிருக்க வேண்டும். 115, 230 என்று இரண்டு வோல்ட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் சரியான மாதிரிதான். வெறும் பி.எஸ். 4573 மட்டும் இருந்தால் பாத்ரூமுக்கு வேண்டாம். சரியானது முப்பது பவுண்ட் ஆனாலும் கொடுத்து வாங்குங்கள். ஹேர் டிரையரை அதில் செருகாதீர்கள், அந்தச் சுமையை அது தாங்காது. மாற்றும்போது விளக்குக் கயிற்றை இழுத்து அணைத்தால் போதாது. ஃபியூஸ் போர்டில் அந்த சர்க்யூட்டையே அணைத்துவிட்டு, டெஸ்டரில் பார்த்த பிறகு தொடச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் வாடகை வீடுகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மின் பரிசோதனை கட்டாயம். எங்கள் வீட்டுக்கு வந்தவர் மூடியைக் கழற்றிப் பார்த்ததுமே சி2 என்று குறித்தார். ஆபத்து நேரலாம் என்று அர்த்தம். 28 நாளுக்குள் சரிசெய்தாக வேண்டும். அந்தச் செலவு 180 பவுண்டை உரிமையாளர் எங்கள் டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார். பணம்கூடப் போகட்டும். நாலு மாதமாக என் மகள் தினமும் காலையில் முகம் கழுவிய ஈரக் கையோடு அந்த சாக்கெட்டிலிருந்துதான் தன் டூத்பிரஷ் சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.