ஊழலைப் பற்றி எழுத வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

சென்ற வாரம் ஓர் இளம் நிருபர் தன் கட்டுரையைக் காட்டினார். ஊழல் ஒழிப்பில் ஓர் அரசு சாதனை படைக்கிறதாம். ஆதாரம், ஓராண்டில் நடந்த கைதுகள். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதியதன் அச்சு அசல். பெயர்ப் பிழை, தொகையில் சுழியம் விடுபடுவது போன்றவற்றைத் திருத்த ஆட்கள் இருக்கிறார்கள். இதைத் திருத்தத்தான் ஆளில்லை.

கைதுகளை எண்ணுவது

என் கட்டுரை வெளியான மறுநாள் மூத்த ஆசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார்: "இதில் ஆளுங்கட்சிக்காரர் எத்தனை பேர்?" எண்ணிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஆளுங்கட்சிக்கு மாறிய இருவர் மீதிருந்த வழக்குகள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. சிக்கியவர்கள் உத்தமர்களும் அல்லர். அதனால்தான் நான் ஏமாந்தேன். நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

ரெய்டுக்குப் பின் குற்றப்பத்திரிகை வந்ததா, தீர்ப்பு வந்ததா, விசாரணைத் தலைவரை நியமிப்பவர் யார், நீக்குபவர் யார் என்று கேளுங்கள். குவாத்தமாலாவில் ஐ.நா. துணையுடன் 2007இல் பணியைத் தொடங்கிய விசாரணை ஆணையம், 2015இல் சுங்க ஊழல் வழக்கில் அதிபர் ஓட்டோ பெரெஸ் மொலினாவையே பதவி விலக வைத்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் வென்ற ஜிம்மி மொராலெஸ், விசாரணை தன் பக்கம் நீண்டதும் ஆணையத்துக்குக் கால நீட்டிப்பு தர மறுத்தார். 2019இல் அது மூடப்பட்டது. கைதுகள் நின்றுவிடவில்லை. ஊழலை விசாரித்த வழக்கறிஞர்கள் மீதே வழக்குகள் பாய்ந்தன. பலர் நாட்டை விட்டு வெளியேறினர். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு காலமும் ஒன்றுதான்.

"எல்லாரும் திருடர்கள்" என்று முடிப்பது

சோம்பேறித்தனம்.

மதிப்பெண்ணைத் தலைப்பாக்குவது

டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு நாடுகளுக்கு மதிப்பெண் தரும் ஊழல் குறியீடு அளப்பது லஞ்சத் தொகையை அன்று. அரசுத் துறை பற்றி வல்லுநர்களும் தொழில்துறையினரும் கொண்டிருக்கும் கருத்தை. கணக்கிடும் முறை 2012இல் மாறியது. அதற்கு முந்தைய மதிப்பெண்களோடு சேர்த்துக் கோடு வரையாதீர்கள். ஓரிரு புள்ளி ஏறி இறங்குவதில் செய்தியே இல்லை.

அமைப்பு இருப்பதே போதும் என்று நம்புவது

இந்தோனேசியாவின் ஊழல் ஒழிப்பு ஆணையம் இன்றும் இருக்கிறது. 2019 சட்டத்திருத்தம் அதன் ஊழியர்களை அரசு ஊழியர்களாக மாற்றியது. அந்த மாற்றத்துக்காக நடத்திய தேர்வில் தேறவில்லை என்று 2021இல் 50க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். பெரிய வழக்குகளை விசாரித்த நோவெல் பஸ்வேடானும் அவர்களில் ஒருவர். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் முகத்தில் அமிலம் வீசப்பட்டு, ஒரு கண்ணில் பார்வையை இழந்தவர் அவர்.