மலையகத்துக் குளிருக்கும் ஈரத்துக்கும் சீன மருத்துவத்தில் இருந்து என்ன எடுக்கலாம்

சீன மருத்துவத்தின்படி பருவத்துக்குப் பருவம் உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று தேடினால் முதலில் வந்து விழுவது ஒரு பட்டியல்: வசந்தத்துக்குக் கல்லீரல், கோடைக்கு இருதயம், கோடை முடிவுக்கு மண்ணீரல், இலையுதிர் காலத்துக்கு நுரையீரல், குளிர்காலத்துக்குச் சிறுநீரகம். சீனாவின் வடபகுதியில் இருப்பவர்களுக்கு அது சரி. ஹட்டனில் இலையுதிர் காலம் எந்த மாதம் என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம். ஜூலையில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவமழையில் துவைத்த துணி நாள்கணக்கில் காயாமல் கிடக்கும், அதே கிழமை பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறைப் பக்கம் வறண்ட காற்று வீசி உதடு வெடிக்கும். மலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதத்தில் இரண்டு பருவம்.

அதனால் கலண்டரை விட்டுவிடுங்கள். அதே சீன மருத்துவத்தில் நமக்கு இன்னும் பொருத்தமான கணக்கு ஒன்று இருக்கிறது. நோயை உண்டாக்கும் வெளிக் காரணங்களாக அவர்கள் ஆறைச் சொல்கிறார்கள்: காற்று, குளிர், வெக்கை, ஈரம், வறட்சி, தீ. வாசலைத் திறந்து இன்றைக்கு வெளியே இந்த ஆறில் எது இருக்கிறது என்று பார்ப்பது, பிறகு நம் உடம்பில் எது ஏறியிருக்கிறது என்று பார்ப்பது, அதற்கு எதிர்த்திசையில் சாப்பாட்டையும் பழக்கத்தையும் கொஞ்சம் திருப்புவது, அவ்வளவுதான் முறை. இந்தக் கொள்கையெல்லாம் ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்கப்பட்டவை என்று நான் சொல்ல வரவில்லை. மண்ணீரல் என்று அவர்கள் சொல்வதே ஸ்கேனில் தெரிகிற உறுப்பை அல்ல, செரிமானம் முழுவதையும். ஆனால் இதில் இருந்து வருகிற வீட்டுப் பழக்கங்களில் பாதி நம் பாட்டிமார் சொன்னதோடு ஒத்துப்போகிறது, செலவும் குறைவு.

உடம்பில் ஏறியிருப்பதைப் பார்க்க அவர்கள் முதலில் பார்ப்பது நாக்கை. காலையில் பல் துலக்குவதற்கு முன்னால், தேத்தண்ணி குடிப்பதற்கு முன்னால், இஸ்தோப்பில் வெளிச்சத்துக்கு வந்து கண்ணாடியில் பாருங்கள், பல்பு வெளிச்சத்தில் எல்லா நாக்கும் மஞ்சளாகத்தான் தெரியும். வெள்ளையாக, தடிப்பாக, பிசுபிசுவென்று படிவு இருந்து, ஓரத்தில் பல் பதிந்த தடமும் இருந்தால் குளிரும் ஈரமும் என்பார்கள். மஞ்சள் படிவென்றால் சூடு. படிவே இல்லாமல் சிவந்து காய்ந்து கிடந்தால் வறட்சி. வெற்றிலை போடுபவர்களின் நாக்கில் இதையெல்லாம் படிக்க முடியாது, விட்டுவிடுங்கள். ஒரு நாள் பார்த்து முடிவு செய்யவும் வேண்டாம். சாதாரண நாட்களில் உங்கள் நாக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் மாறியது தெரியும்.

நமக்கு முக்கியமான எதிரி ஈரம். மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவிலும், டிசம்பர் தொடக்கம் வடகீழ்ப் பருவமழையில் பதுளைப் பக்கமும் இது நடக்கும். கை கால் கனத்துப்போவது, முழங்கால் மழைக்கு முன்னாலேயே வலிப்பது, சாப்பிட்டதும் வயிறு மந்தமாக இருப்பது, எவ்வளவு தூங்கினாலும் சோம்பல், இதெல்லாம் சீன வைத்தியர் கணக்கில் ஈரம். வெளியே இருக்கிற ஈரத்தை நிறுத்த முடியாது, உள்ளே சேர்க்காமல் இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். சேர்ப்பவை எவை? சீனி, எண்ணெயில் பொரித்தது, பால் அதிகம், பச்சையாகவும் குளிராகவும் சாப்பிடுவது. இப்போது நம் வீட்டு மாலை நேரத்தை நினைத்துப் பாருங்கள், மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி, கூடவே கடையில் வாங்கிய ரோல்ஸ். தேத்தண்ணியை நிறுத்தச் சொன்னால் என்னைத் தோட்டத்தை விட்டே துரத்திவிடுவார்கள், அதனால் சீனியை மட்டும் பாதியாக்கச் சொல்கிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது சீன மருத்துவம் இல்லை, இங்கிலீஷ் மருத்துவம்தான்: சாப்பாட்டோடும் சாப்பிட்ட கையோடும் குடிக்கிற தேயிலை, உணவில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைக்கிறது. இரத்தச்சோகை உள்ள பெண்கள் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

ஈர மாதங்களுக்குக் காலைச் சாப்பாடாகச் சீனர்கள் வைப்பது அரிசிக் கஞ்சி. ஒரு பங்கு அரிசிக்கு எட்டு முதல் பத்துப் பங்கு தண்ணீர், சிறு தீயில் ஒரு மணி நேரம். விறகுக்கும் கேஸுக்கும் இருக்கிற விலையில் யார் ஒரு மணி நேரம் எரிப்பது என்று கேட்பீர்கள். பிளாஸ்க் இருந்தால் போதும். ஒரு லீற்றர் பிளாஸ்க்குக்கு அரைக் கோப்பை அரிசிக்கும் குறைவாக எடுத்துக் கழுவி ஊறவையுங்கள். இரவு சாப்பாடு முடிந்ததும், கொதிதண்ணீர் ஊற்றி பிளாஸ்க்கைச் சூடாக்கிவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். அரிசியை அடுப்பில் ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, கொதிக்கக் கொதிக்க தண்ணீரோடு பிளாஸ்க்குக்குள் ஊற்றி இறுக்கி மூடிவிடுங்கள். விடியும்போது அரிசி மலர்ந்து குழைந்திருக்கும். மூடியைத் திறக்கையில் கஞ்சி கை சுடும் சூட்டில் இருக்க வேண்டும், ஆறிப்போயிருந்தால் பிளாஸ்க் பழசு, குடிக்காதீர்கள். அதில் இஞ்சியைச் சன்னமாக நறுக்கிப் போட்டு, உப்பும் மிளகும் சேர்த்து, காலையில் தோட்டத்தில் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போவதற்கு முன் ஒரு கோப்பை குடித்தால் வயிற்றில் நிற்கும்.

பகலில் குடிக்க பார்லித் தண்ணி. ஈரம் நீக்க அவர்கள் போடுவது யீமி என்ற தானியம், இங்கே தேடி அலைய வேண்டாம், கடையில் கிடைக்கிற பார்லியே போதும். பார்லி குளிர்ச்சி என்பதால் முதலில் எண்ணெய் இல்லாத சட்டியில் வாசம் வரும் வரை வறுத்து, அப்புறம் இரண்டு துண்டு இஞ்சியோடு அவியுங்கள். யீமியே கைக்குக் கிடைத்தாலும் கர்ப்பிணிகள் அதைத் தொடக்கூடாது என்பது சீன மருத்துவத்தின் பழைய விதி.

இனி, மலையில் நனைந்து வருகிற நாள். கொழுந்து எடுத்துவிட்டு படங்கு, சட்டை எல்லாம் தொப்பலாக வீடு வந்தால் முதல் வேலை தலையையும் பிடரியையும் துவட்டுவது. காற்றும் குளிரும் பிடரி வழியாகத்தான் உள்ளே நுழைகிறது என்று சீன மருத்துவம் அடித்துச் சொல்கிறது, கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஈரத் தலையோடு படுக்கக்கூடாது. அதன்பின் இஞ்சிச் சாயம்: பெருவிரல் அளவு இஞ்சியைத் தட்டி இரண்டு கோப்பை தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, சீனர்கள் போடுகிற பழுப்புச் சர்க்கரைக்குப் பதிலாக ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி போட்டுச் சுடச்சுடக் குடித்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு இலேசாக வியர்க்கும் வரை இருங்கள். ஊற்றி வடிய வேண்டாம், நெற்றியில் பூத்தால் போதும். வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியையும் நறுக்கிச் சேர்ப்பார்கள்.

ஆனால் இந்த இஞ்சி எல்லாத் தடிமனுக்கும் இல்லை, நம் ஆட்கள் அதிகம் தவறவிடுவது இந்த இடத்தில்தான். குளிர்கிறது, மூக்கில் தண்ணீராக ஒழுகுகிறது, தாகம் இல்லை, உடம்பு நோகிறது என்றால் இஞ்சி. தொண்டை எரிகிறது, சளி மஞ்சளாகிவிட்டது, தாகம் எடுக்கிறது, குளிரைவிடச் சூடுதான் அதிகம் என்றால் அது வேறு வகை, அங்கே இஞ்சியும் மிளகும் எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவது மாதிரி. அப்போது புதினா, சாமந்திப்பூத் தேநீர் மாதிரி குளிர்ச்சியானவற்றுக்கு மாறுவார்கள். நம்ம வீட்டுக் கொத்தமல்லித் தண்ணி எந்தப் பக்கம் என்று கேட்டால் கொஞ்சம் குழப்பம்தான், சீனர்கள் கொத்தமல்லி இலையைச் சூடென்று வைத்திருக்கிறார்கள், நாம் விதையைக் குளிர்ச்சி என்கிறோம். எனக்கு இதில் பாட்டி பக்கம்தான்.

இரவில் கால் ஊறவைப்பது செலவில்லாத வேலை, அடுப்பில் மிஞ்சுகிற சுடுதண்ணீர் போதும். கணுக்காலுக்கு மேலே தண்ணீர் நிற்கிற மாதிரி வாளியோ பேசினோ எடுத்து, முழங்கையை விட்டுப் பார்த்து இதமான சூடு இருந்தால் பதினைந்து இருபது நிமிடம். இஞ்சித் தோல், உப்பு எது இருந்தாலும் போடலாம். எடுத்த பிறகு விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள், நாள் முழுக்க பூட்ஸுக்குள் நனைந்த காலுக்குச் சேற்றுப்புண் வருவது அங்கேதான். அப்படியே முழங்காலுக்குக் கீழே ஒரு இடத்தை அழுத்திவிடுங்கள்: முழங்கால் சில்லின் கீழ்விளிம்பில் இருந்து நான்கு விரல் கீழே, முன் எலும்பில் இருந்து ஒரு விரல் வெளிப்பக்கம். சூ சான் லி என்பது இதன் பெயர், களைப்புக்கும் செரிமானத்துக்கும் சீனர்கள் அதிகம் தொடுகிற புள்ளி. சரியான இடத்தில் பெருவிரலை ஊன்றினால் வலியும் கனமும் கலந்த ஒரு உணர்வு வரும், ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மூன்று நிமிடம். சீனி வியாதிக்காரர்கள் கால் ஊறவைப்பதை விட்டுவிடுங்கள், கால் மரத்திருந்தால் சுடுவது தெரியாது.

ஊவாப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை தேயிலைக்கு மணம் ஏற்றுகிற அதே வறண்ட காற்று தொண்டையைக் காயவைக்கும். வறட்டு இருமலுக்குச் சீனர்கள் வீட்டிலேயே செய்வது பேரிக்காய், நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து கல் மாதிரிப் பேரிக்காய் இதற்கு நல்லது. மேல்பக்கத்தை மூடி மாதிரி வெட்டி எடுத்து, விதையைக் குடைந்துவிட்டு, குழியில் இரண்டு துண்டு கற்கண்டு வைத்து, வெட்டிய மூடியால் மூடி, ஒரு கிண்ணத்தில் வைத்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆவியில் அவியுங்கள். கத்தி தடையில்லாமல் இறங்கும்போது பழம் கண்ணாடி நிறத்துக்கு வந்திருக்கும், கிண்ணத்தில் சாறு நிற்கும். சாற்றைக் குடித்துவிட்டுப் பழத்தைச் சாப்பிடுங்கள். சீனி வியாதி இருந்தால் கற்கண்டு வேண்டாம். இந்த மாதங்களில் கொச்சிக்காய்ச் சம்பலையும் வறுத்த பொரித்ததையும் கொஞ்சம் குறைப்பது நல்லது, முழுக்க விட யாராலும் முடியாது.

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் உறைபனி விழுந்து தேயிலையும் உருளைக்கிழங்கும் கருகுகிற விடியல்கள் வரும். குளிர்காலத்தில் நேரத்தோடு படு, சூரியன் வந்த பிறகு எழும்பு என்று சீனாவின் பழைய மருத்துவ நூல் சொல்கிறது. சொன்னவருக்குப் பெரட்டு இல்லை. நமக்கு முதல் பாதி மட்டும்தான் முடியும், போனைத் தூரமாக வைத்துவிட்டு ஒன்பது மணிக்குப் படுப்பது. குளிர்காலத்தில் முள்ளங்கி, கோடையில் இஞ்சி சாப்பிட்டால் வைத்தியர் சீட்டே தேவையில்லை என்று அவர்களிடம் பழமொழி உண்டு, முள்ளங்கிக்கு நமக்கா பஞ்சம், கோழியோ எலும்போ போட்டுச் சூப் வைத்தால் அதோடு சேர்த்து அவியுங்கள். குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள், கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசம் கிடையாது, எழும்ப விடாது. காம்பராவுக்குள் மூலிகை கொளுத்திச் சூடு காட்டுகிற மொக்சாவும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

மார்ச், ஏப்ரல் வெயிலுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, பாசிப்பயற்றை அவித்து அந்தத் தண்ணீரைக் குடியுங்கள். பின்னேர இடிமழையில் நனைந்தால் மேலே சொன்னதுதான்.

உடற்பயிற்சிக்கு பாதுவான்ஜின் என்று எட்டு அசைவுகள் கொண்ட ஒன்று உண்டு, வீடியோவில் தாராளமாகக் கிடைக்கிறது, இஸ்தோப்பு அகலம் போதும். நாள் முழுக்கக் கூடை சுமந்தவர்களுக்கு எட்டும் தேவையில்லை. இரண்டு கையையும் கோத்துத் தலைக்கு மேல் தூக்குகிற முதலாவதும், குதிக்காலைத் தூக்கி ஏழு தரம் மெல்லத் தட்டுகிற கடைசியும் செய்தாலே முதுகு இலேசாகும்.

மாத்திரை, சூரணம் பக்கம் போகாதீர்கள். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்கக் கொடுத்த சீன மூலிகையில் ஒன்று மாறிப்போய் அரிஸ்டோலோகிக் அமிலம் கலந்து, பல பெண்களின் சிறுநீரகம் பழுதானது. மறுபக்கம், மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினைப் பழைய சீனக் குறிப்பில் இருந்து துவங்கிக் கண்டுபிடித்த தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது, அவர் அதை ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்துச் சோதித்த பிறகுதான் மருந்தானது. இணையத்தில் லேபல் புரியாமல் வாங்குவதில் அந்தச் சோதனை எதுவும் இல்லை. அதிமதுரம் கூட நாள்கணக்கில் அதிகம் குடித்தால் பிரஷரை ஏற்றும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால், மூச்சு வாங்கினால், சிறுநீர் குறைந்தால், இஞ்சியைக் கீழே வைத்துவிட்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு, அங்கே முடியாவிட்டால் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொழும்பில் இருந்து வளைந்து வளைந்து ஏறுகிற பஸ்ஸில் வாந்தி வருபவர்களுக்கு ஒன்று. உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டு மடிப்பில் இருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அளந்து, இரண்டு நரம்புக் கயிறுகளுக்கு நடுவில் பெருவிரலால் அழுத்துங்கள். நெய்குவான் என்ற இந்தப் புள்ளி, ஒப்பரேஷனுக்குப் பிறகு வருகிற குமட்டலுக்கு உதவுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, பஸ் குமட்டலுக்கு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. கினிகத்தேனை வளைவுகளுக்கு முன்பே அழுத்தத் தொடங்குங்கள், வாயில் ஒரு துண்டு இஞ்சியும், கையில் ஒரு பேக்கும் இருக்கட்டும்.