சின்ன வயதிலேயே இயற்கணிதம்: சொல்லிக்கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஓர் ஆசிரியரின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள். கணக்கில் தங்கள் வகுப்பைவிட இரண்டு ஆண்டு முன்னால் இருப்பவர்கள். பலகையில் 3அ + 5 = 20. "ஐந்தை அந்தப் பக்கம் கொண்டுபோனா மைனஸ் ஆயிடும்" என்றார் ஆசிரியர். பிள்ளைகள் தலையாட்டினார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் முதல் சில ஆண்டுகளின் வகுப்புகள் இதே வாக்கியத்தில்தான் தொடங்கின.

குறிப் பிழை, அடைப்புக்குறியை விரிக்கும்போது இரண்டாவது உறுப்பை மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் அவற்றைத் தாங்களே பிடித்துவிடுவார்கள். சொல்லிக்கொடுப்பவர் செய்யும் தவறுதான் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாது.

சமக்குறி புரிவதற்கு முன்பே 'பக்கம் மாற்று'

ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என்னிடம் படித்தாள். இருபது சமன்பாடுகளைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவாள். பெற்றோருக்கும் பெருமை, எனக்கும் பெருமை. ஒருநாள் சின்னப் பிள்ளைகளுக்காகப் பலகையில் 8 + 4 = □ + 5 என்று எழுதி வைத்திருந்தேன். போகிற போக்கில் பெட்டிக்குள் 12 என்று எழுதினாள். "அப்போ இந்த ஐந்து எதுக்கும்மா?" என்றேன். "அது சும்மா இருக்கு சார்" என்றாள்.

தொடக்க வகுப்புகளில் அவள் பார்த்த கணக்கெல்லாம் சமக்குறியோடு நின்று, வலப்பக்கம் விடைக்கு இடம் விட்டவை. கால்குலேட்டர் பொத்தானும் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆக அந்தக் குறிக்கு அவள் மனதில் 'விடையை எழுது' என்றே பொருள். இரு பக்கமும் ஒரே அளவு என்ற எண்ணமே இல்லாத இடத்தில் பக்கம் மாற்றும் விதியைக் கொண்டுபோய் வைத்தால் அது மந்திரமாகிவிடுகிறது. அதே வகுப்பில் இன்னொரு பையன் 3அ = 12 என்பதற்கு 12 − 3 = 9 என்று விடை எழுதினான். அவன் விதியை மீறவில்லை. மூன்று அந்தப் பக்கம் போனது, மைனஸ் ஆனது. நான் சொன்னதை அப்படியே செய்தான்.

5அ + 2 = 3அ + 10 வந்தபோது அந்தச் சிறுமி நின்றுவிட்டாள். பழைய பழக்கத்தை மறக்கடிக்க நான்கு மாதம் ஆனது. அதற்குள் "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

1557இல் ராபர்ட் ரெக்கார்டு என்ற கணித அறிஞர் சமக்குறிக்கு இரண்டு இணைகோடுகளைத் தேர்ந்தெடுத்தபோது, இவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்றே காரணம் சொன்னார். அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பு அல்-குவாரிஸ்மி என்ற கணித அறிஞர் 'அல்-ஜப்ர்' என்று அழைத்ததும் இதையொட்டியதுதான்: ஒரு பக்கம் கழிக்கப்பட்டிருப்பதை இரு பக்கமும் சேர்த்து ஈடுசெய்வது. பக்கம் மாற்றுவது அதன் குறுக்குவழி. வழியைக் காட்டாமல் குறுக்குவழியை மட்டும் கொடுத்துவிடுகிறோம்.

இப்போது என் வகுப்பில் முதல் மூன்று வாரம் 'அ' போன்ற எழுத்தே கிடையாது, எண்கள் மட்டும்தான். 7 = 7 சரியா? 12 = 8 + 4 சரியா? 37 + 56 = 38 + 55 சரியா, கூட்டிப் பார்க்காமல் சொல். இவற்றில் நடக்கும் வாக்குவாதம்தான் பாடம். 5 × 3 = 15 + 2 = 17 என்று தொடர்ச்சியாக எழுதினால் அங்கேயே நிறுத்தி, 5 × 3 உண்மையிலேயே 17ஆ என்று கேட்கிறேன். பிறகு சமன்பாடு வரும்போது 'இரு பக்கமும் 5 கழி' என்று ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். சில வாரத்தில் ஏதாவது ஒரு பிள்ளை குறுக்குவழியைத் தானே கண்டுபிடித்துக்கொண்டு ஓடிவரும். அதன்பின் தாராளமாகப் பயன்படுத்தட்டும்.

எழுத்தைப் பொருளாக்குவது

'2பே என்றால் இரண்டு பேனா' என்று சொல்லாதீர்கள். பே என்பது பேனாவின் எண்ணிக்கை, அல்லது விலை. ஏதோ ஓர் எண். மாணவர்கள் ஆசிரியர்களைப் போல் 6 மடங்கு என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னால், எழுத்தைப் பொருளாகப் படித்த பிள்ளை 6மா = ஆ என்றே எழுதும். மா = 6ஆ என்பதுதான் சரி. அமெரிக்காவில் பொறியியல் மாணவர்களே இதில் தடுமாறியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

பின்னம் தடுமாறும்போதே தொடங்குவது

வேண்டாம். 2/3 ÷ 4 ஏன் 1/6 என்று படம் வரைந்து காட்டட்டும், பிறகு பார்க்கலாம்.

வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பது

வாய்ப்பாட்டில் மெதுவான பிள்ளைகள் சிலர்தான் என்னிடம் மிக நன்றாக வந்தவர்கள்.

அடுத்த ஆண்டை யோசிக்காதது

ஒரு பையன் பத்து வயதில் ஒருபடிச் சமன்பாடுகளை முடித்தான். பிறகு நடுநிலை வகுப்பில் அதையே இரண்டு ஆண்டு மறுபடி கேட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தொடங்குவதற்கு முன்பே மேல் வகுப்பு ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள். அவர்களால் இடம் கொடுக்க முடியாது என்றால், இயற்கணிதத்தை ஓராண்டு தள்ளிவைத்து, பகா எண்கள், எண்ணும் முறைகள், 'இது ஏன் எப்போதும் சரி?' என்று நிறுவிக் காட்டுவது ஆகியவற்றில் அந்தப் பிள்ளையை இறக்குங்கள்.