டவர் ஃபுல்லா இருக்கு, கால் ஏன் போகல? போனை வைத்தே பார்க்கலாம்

போனில் நாலு கோடு இருந்தால் எல்லாம் சரி என்று நினைக்கிறோம். டவரிலிருந்து வரும் அலை எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதை மட்டுமே அந்தக் கோடுகள் காட்டும். உங்களுக்கு அங்கே இடம் இருக்கிறதா என்பது தனிக் கணக்கு. ஒரு ஆண்ட்ராய்டு போன் இருந்தால் மதுரைத் தெருக்களிலேயே இரண்டையும் பிரித்துப் பார்த்துவிடலாம்.

படி 1: செயலியைப் போடுங்கள்

பிளே ஸ்டோரில் நெட்மானிட்டர் என்று தேடினால் இலவசமாகவே கிடைக்கும். லொகேஷன் அனுமதி கேட்டால் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு டவர் விவரம் எதையும் தராது. 5ஜி போன் என்றால் செட்டிங்ஸில் 4ஜிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐபோன்காரர்கள் *3001#12345#* டயல் செய்யலாம்.

படி 2: மூன்று எண்களைப் பிடியுங்கள்

முதலாவது ஆர்எஸ்ஆர்பி, அதாவது அலையின் பலம். எப்போதும் மைனஸில் இருக்கும். -80 என்றால் நன்றாக இருக்கிறது, -110 என்றால் இழுபறி. முப்பதுதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். பத்து குறைந்தால் பலம் பத்தில் ஒரு பங்காகிவிடும். முப்பது குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அடுத்தது எஸ்ஐஎன்ஆர். மற்ற டவர்களின் இரைச்சலை மீறி நம் டவர் எவ்வளவு தெளிவாக வருகிறது என்பதைச் சொல்லும். 20 அருமை, 0 பக்கம் வந்தால் திணறும். மூன்றாவது பிசிஐ, செல்லின் அடையாள எண். ஒரு டவர் ஆன்டெனா அலை அனுப்பும் பகுதிதான் செல். 0 முதல் 503 வரை இருக்கும்.

படி 3: டவரைச் சுற்றி நடங்கள்

தெருவில் உள்ள டவரை அண்ணாந்து பாருங்கள். நீளமான பலகை போன்ற ஆன்டெனாக்கள் பெரும்பாலும் மூன்று திசை பார்த்து நிற்கும். திசைக்கு ஒரு செல். சுற்றி வரும்போது பிசிஐ 201, 202, 203 என்பது போல மாறும். ஒரே டவருக்கு அடுத்தடுத்த எண்களைக் கொடுப்பதுதான் வழக்கம். பேசிக்கொண்டே நடந்தாலும் கால் அறுபடாது. ஒரு செல் காலை அடுத்த செல்லிடம் கைமாற்றிவிடும். அதுதான் ஹேண்டோவர்.

எண் மாறிய இடத்தைக் குறித்துக்கொண்டு அப்படியே திரும்பி வாருங்கள். அதே இடத்தில் பழைய எண் வராது, கொஞ்சம் தள்ளித்தான் வரும். எல்லையில் நிற்பவரின் போன் அங்கும் இங்கும் தாவிக்கொண்டே இருக்கக்கூடாது என்று வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்தது இதுதான்.

படி 4: பங்கு போடும் கணக்கு

பழைய 2ஜியில் தொடங்கினால் எளிது. ஜிஎஸ்எம் 900 என்ற 2ஜி முறையில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 124 அலைவரிசைகள். ஒவ்வொன்றிலும் 8 பேர் முறை வைத்துப் பேசுவார்கள். ஒருவரின் முறை 0.577 மில்லிசெகண்ட். மொத்தமே 992 இடம். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கே பத்தாது. அதையும் கம்பெனிகள் பிரித்துக்கொள்ள வேண்டும். அதனால் ஊரைச் சின்னச் சின்ன செல்லாக வெட்டி, பவரைக் குறைத்து, வில்லாபுரத்தில் கொடுத்த அலைவரிசையையே கே.புதூரிலும் கொடுக்கலாம் என்று வைத்தார்கள். ஒட்டியுள்ள செல்லுக்கு மட்டும் வேறு.

4ஜியில் அந்த விலக்கும் இல்லை, பக்கத்துப் பக்கத்து செல்லும் ஒரே அலைவரிசையில் ஓடலாம். மாசி வீதிச் சந்துகளில் இரண்டு டவருக்கு நடுவே நின்று பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி நன்றாகவே இருக்கும், எஸ்ஐஎன்ஆர் விழுந்து கிடக்கும்.

20 மெகாஹெர்ட்ஸ் உள்ள 4ஜி செல்லில் 180 கிலோஹெர்ட்ஸ் அளவில் 100 துண்டுகள். யாருக்கு எத்தனை துண்டு என்று டவர் ஒவ்வொரு மில்லிசெகண்டும் முடிவெடுக்கிறது. ஆள் கூடக் கூட, பந்தியில் இலைக்கு விழும் வடை குறைவதுபோலத்தான். ஒரே நாற்காலியில் உட்கார்ந்து விடியற்காலை 5 மணிக்கும் இரவு 8 மணிக்கும் ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். ஆர்எஸ்ஆர்பி ஏறக்குறைய அதேதான், வேகம் எங்கோ போயிருக்கும்.

படி 5: கூட்டத்தில் என்ன ஆகிறது

அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வைகைக் கரையில் லட்சக்கணக்கில் ஜனம். அங்கே துண்டு கிடைப்பது அப்புறம், கேட்பதே கஷ்டம். சும்மா இருந்த போன் கால் போட, முதலில் டவரிடம் அனுமதி கேட்கவேண்டும். அப்படிக் கேட்க ஒரு செல்லில் 64 குறியீடுகள்தான் உண்டு. போன் அதில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுக்கும். அதே நொடியில் இன்னொரு போனும் அதையே எடுத்தால் மோதல், மறுபடி முதலிலிருந்து. எல்லோரும் ரீடயல் அமுக்க அமுக்க மோதல் கூடும். வண்டியில் தற்காலிக டவர் கொண்டுவந்து நிறுத்துவது இதற்காகத்தான். நாம் செய்யக்கூடியது, இரண்டு நிமிடம் விட்டு முயல்வது, இல்லையென்றால் எஸ்எம்எஸ். அதற்கு மிகக் கொஞ்ச இடம் போதும்.

படி 6: மலை மறைவு

இப்போது செயலியில் பேண்ட் எண்ணைப் பாருங்கள். போன் எந்த அலைவரிசைத் தொகுப்பில் இருக்கிறது என்பதை அது சொல்லும். பேண்ட் 40 என்றால் 2300 மெகாஹெர்ட்ஸ், பேண்ட் 5 என்றால் 850. அலைவரிசை குறைந்தால் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் ஒத்தக்கடை யானைமலை போன்ற முழுப் பாறையை எதுவும் துளைக்காது; 850 கொஞ்சம் வளைந்து வரும், அவ்வளவுதான். மலை மறைவில் வீடு இருந்து பிராட்பேண்டும் இருந்தால், சிம் செட்டிங்ஸில் வைஃபை காலிங்கை ஆன் செய்துவிடுங்கள். கால் இணையம் வழியாகவே போய்விடும்.